நாலரை மணிச் சங்கு

நாலரை மணிக்குச் சங்கு ஊதவில்லை. எல்லாம் தாறுமாறானது அந்த நிமிஷத்தில்தான். ஆனால் எனக்கு அது தெரியவே வெகுநேரம் ஆயிற்று. ஊதிய சங்கு என்றால் காதில் விழும். ஊதாத சங்கு எங்கே விழும்?

அப்போது நாங்கள் சிலோனிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கப்பலில் ராமேஸ்வரம் வந்து, முகாமில் கிடந்து, மலையேறி, நீலகிரியில் அரவேணுவுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியேறியிருந்தோம். நான், என் கணவர், ஏழு வயது மகள். சிலோனில் அவர் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் பத்து வரை படித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே அவருக்கு ஒரு தனியார் ஃபேக்டரியில் அதே வேலை கிடைத்தது. எனக்கு, படுகர் ஒருவருடைய சின்னத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. சாக்பீஸ் பிடித்த விரலுக்குக் கொழுந்து வருமா என்று பயந்தேன். இரண்டே நாளில் வந்துவிட்டது. பரம்பரை விரல் போலிருக்கிறது.

அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரர்கள் ஆகிவிட்டோம். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. "எங்க போனாலும் வெளிநாட்டுக்காரன். எத்தன பேருக்கு இது அமையும்?" என்பார்.

மகள் தன் பங்குக்கு இந்த நாட்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். மழை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. குளிர், சரி. தேயிலைச் செடி, அதேதான். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையை இங்கே காணோம், அது இந்தியாவுக்கு நல்ல மார்க். பாடப்புத்தகம் புரியவில்லை, அதற்குக் கழித்தல். வந்த மறுநாள் சாயங்காலம் பள்ளத்திலிருந்து ஃபேக்டரி சங்கு நீளமாக ஊதியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மா, இங்கயும் சங்கு இருக்கு!" என்று கத்தினாள். இந்தியா பாஸாகிவிட்டது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளைகளை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. சங்குதான் கூப்பிடும். அது ஊதும்வரை அம்மாக்கள் மலையில் நிற்பார்கள், கதவு பூட்டிக் கிடக்கும். அதற்குமுன் வீட்டுக்குப் போய் என்ன பயன்? ஊதியதும் எந்த மூலையில் ஆடிக்கொண்டிருந்தாலும் பிள்ளைகள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். நானும் அப்படி ஓடியவள்தான். என் மகளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பசிக்கிற மாதிரி, தூக்கம் வருகிற மாதிரி, அது தானாக வந்தது.

எங்கள் வரிசையின் முனையில் ஒரு மளிகைக் கடை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து கடை வைத்தவர். எங்கள் வீட்டுச் சமையலில் அவருக்குத் தீராத அக்கறை.

"ஏனுங்க அம்மணி, முந்தாநேத்துத்தான தேங்கா வாங்குனீங்க?"

"அது அன்னைக்கே முடிஞ்சிருச்சு."

"அன்னைக்கேவா! எங்க ஊட்டுல ஒரு தேங்கா ஒடச்சா ஒரு வாரம் ஓடுமுங்க. நீங்க மூணே பேரு. சோத்துக்குத் தேங்கா போடறீங்களா, தேங்காய்க்குச் சோறு போடறீங்களா?"

தேங்காய்ச் சம்பல் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது என்றேன். "அப்ப கீழ எங்க ஊர்ப்பக்கமே ஊடு பாத்திருக்கலாமுங்க, தோப்புக்குள்ளயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, இருந்ததில் பெரிய தேங்காயாகத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் தேயிலை விலை விழுந்துகொண்டே இருந்தது. கடை வாசலில் உட்காரும் சின்ன விவசாயிகள் வேறு எதையும் பேசவில்லை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்றார்கள். ஃபேக்டரிக்காரர்கள் இலை முற்றல் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். சாலையோரத்தில் கொட்டிக் கருகிப்போன இலையை நானே பார்த்திருக்கிறேன். "அங்க துரை மட்டும்தான் வெலையப் பத்திக் கவலப்படுவாரு. இங்க எல்லாரும் துரைங்கதான்" என்றார் என் கணவர்.

அன்று சனிக்கிழமை. பறிப்புக்கு வரவேண்டாம் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரோடு சரிவில் இறங்கிப் போனாள். நான் துணி துவைத்தேன், அரிசி களைந்து வைத்தேன், தேங்காய் துருவ உட்கார்ந்தேன். சங்கு ஊதியதும் உலை வைப்பது என் வழக்கம். கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்தது. அதனால்தான் சீக்கிரமே இருட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு துருவிக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"ஸ்டோர மூடிட்டாங்க."

"இன்னைக்கா?"

"மத்தியானமே. எப்ப தொறப்பாங்கன்னு தெரியாது. எல்லாருமா கேட்ல நின்னு பேசிப் பாத்தோம். ஒண்ணும் ஆகல."

எனக்கு முதலில் அரிசிப் பானைதான் நினைவுக்கு வந்தது, பிறகு வாடகை. அதன் பிறகுதான் வேறொன்று வந்து நெஞ்சில் இடித்தது.

"அப்ப சங்கு?"

"ஆளே இல்லாம யாரு ஊதறது?"

துருவலை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பிள்ளைகள் இரண்டும் கம்பளிக்குள் சுருண்டு பொரி தின்றுகொண்டிருந்தன.

"பனி வந்ததும் வாடின்னு கூப்பிட்டோம் ஆன்ட்டி. சங்கு ஊதட்டும், அப்புறம் வாறேன்னா."

வெளியே வந்து பார்த்தால் சரிவே இல்லை. செடி இல்லை, பாதை இல்லை, வெள்ளையாக ஒரு சுவர். அதற்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலைக்காடு. முந்தின வாரம்தான் அங்கே கரடி வந்தது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். என் குரல் பத்தடி போய்ப் பனியில் விழுந்துவிட்டது. இப்போது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அவள் போன் வரத் தாமதமானால் அந்த வெள்ளைச் சுவர் அப்படியே வந்து என் முன்னால் நிற்கும்.

ஆண்கள் விளக்கெடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கடைக்காரர் கல்லாவைப் பூட்டாமலே வந்துவிட்டார். நான் என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவரிடம் சொன்னேன்: "நீங்க எங்க தேடினாலும் அவ கிடைக்க மாட்டா. போயி சங்க ஊதச் சொல்லுங்க."

அவரும் கடைக்காரரும் ஃபேக்டரிக்கு ஓடினார்கள். அங்கே நடந்ததைக் கடைக்காரர் பிறகு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். காவலாளி கதவைத் திறக்க மறுத்தாராம். "மூடின ஃபேக்டரில சங்கு ஊதுனா மொதலாளி என்னை என்ன கேப்பாரு?" என்றாராம். அதற்கு என் கணவர், "பிள்ளையக் கூப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றாராம். கடைக்காரர் தன் பங்குக்கு, "ஏனுங்க, ஊதறதுக்குக் காசா பணமா? அமுத்துங்க!" என்றாராம். காவலாளி அமுக்கினார். அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை.

அப்படி ஒரு சங்கை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. மலை முழுவதும் அலறியது. சரிவிலிருந்து வந்து எங்கள் வாசலைத் தாண்டி ஃபேக்டரிக்குப் போகும் பாதையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பனிக்குள்ளிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல. முதலில் வந்தவர் தலையில் இலை மூட்டை. அவர் பின்னால் இன்னொருவர், அவர் தலையிலும் மூட்டை. தொடர்ந்து நாலைந்து பேர். ஃபேக்டரி திறந்துவிட்டது, இலை எடுக்கிறார்கள் என்று நினைத்து அந்தச் சுற்றுவட்டாரமே கிளம்பி வந்துகொண்டிருந்தது.

"எங்க, எடை போடறாங்களா?"

"இல்லீங்க. சிலோன்காரங்க பிள்ளையக் காணோம். அதுக்கு ஊதுனது" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"பிள்ளைக்கா ஊதுனாங்க? நம்ம எலைக்கு ஊதலையா?"

ஒருவர் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார். அவர் மட்டும் விளக்கை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். மற்றவர்கள் அங்கேயே நின்று, அத்தனை நாள் அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டத் தொடங்கினார்கள். விலை, தரகர், முற்றல் இலை, மூடிய கேட். எங்கள் வாசல் பொதுக்கூட்டமாகிவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் ஓடிவந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூச்சலில் ஒரு சின்னக் குரல் கூப்பிட்டால் கேட்குமா என்று செத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், நான் பார்த்துக்கொண்டிருந்த பாதையில் அல்ல, வீட்டுக்குப் பின்பக்கமாக ஒரு அம்மாள் வந்தார். மார்புக்கு மேல் சுற்றிய வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக, படுகர் வீட்டுப் பெரியம்மாள். அவர் தோளில் என் மகள் தலை சாய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"பாறை மேல ஒண்டியா உக்காந்திருந்தா" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எறங்கி வாடின்னேன். சங்கு ஊதலயாம், வரமாட்டாளாம். பனில விட்டுட்டு வரமுடியுமா? எங்க ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிச் சோறு போட்டேன். சங்கு ஊதுச்சு பாரு, தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு ஓடறா. நானும் பின்னாலயே ஓடியாந்தேன். பாதி வழியில கால் ஓஞ்சுபோச்சு, தூக்கிக்கிட்டேன்."

நான் வாய்விட்டு அழுதேன். என்னை அறியாமல் அது ஒரு கத்தலாகவே வந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் மகளின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அழறதுன்னா மெதுவா அழும்மா. இப்பத்தான் தூங்குனா."