கடைசி பெஞ்சிலிருந்து தெரிந்த கரும்பலகை

வேப்பம்பட்டு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு நடத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து குக்கர் விசில் கேட்கும். அசல் விசில் தோற்றுவிடும். வகுப்பே சிரிக்கும். திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் நோட்டுக்குள் கவிழ்ந்திருக்கும்.

கடைசி பெஞ்சில் உட்காரும் நெட்டைப் பையன்தான் என்று ஊகித்திருந்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை, "ஐடி கார்டை வாங்கி எச்.ஓ.டி. கிட்ட குடுத்துடுங்க மேடம். வீட்லேருந்து யாராவது வரட்டும்" என்றார். கண்ணால் பார்க்காத ஒன்றுக்காக அவன் வீட்டிலிருந்து ஒருவரை வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. அம்பத்தூருக்குத் திரும்பும் ரயிலில், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

அப்போதுதான் வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. வகுப்புக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். நெட்டைப் பையனைக் கூப்பிட்டு, "நான் சொல்லச் சொல்ல நீ எழுது" என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, அவன் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது வரி எழுதும்போது எங்கிருந்தோ விசில் வந்தது. அவன் சட்டென்று திரும்பினான்.

"எவன்டா அவன்? இன்னா மேடம் இது, எழுதவே உட மாட்றானுங்க."

"எனக்கும் அப்படித்தான்பா இருந்துச்சு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் காதுவரை சிவந்து மறுபடி எழுதத் தொடங்கினான்.

எனக்கு வேறொன்றும் அன்று தெரிந்தது. ஜன்னல் வெயில் பட்டுப் பலகையின் வலப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பளபளத்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பையனிடம் கேட்டேன்.

"இங்கேருந்து எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமா மேடம். மத்தியானம் ஆனா ஒண்ணும் தெர்ல. வெயில் அடிச்சிகினு கீது."

"ஏன் சொல்லலை?"

"கேட்டா திட்டுவீங்கன்னு நெனச்சோம்."

மறுநாள் நெட்டைப் பையன் எங்கிருந்தோ ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினான். கை சரியாகும்வரை ஆளுக்கொரு நாள் எழுதினார்கள். நான் பின்னால் நின்றே பாடம் நடத்தினேன். விசில் அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது வரும், அவர்களே அதட்டிக்கொள்வார்கள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் ரயிலில் நிற்கவும் இடமில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அதே பெட்டியில் ஏறியிருந்த நெட்டைப் பையன் கூட்டத்தை விலக்கி வந்து, உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "அண்ணாத்தே, மேடத்துக்குக் கை முடில. கொஞ்சம் எடம் உடுங்க" என்றான். அவரும் எழுந்து கொடுத்தார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் போய் வாசலோரம் நின்றுகொண்டு, அடுத்த நிறுத்தமான திருநின்றவூரில் இறங்கிவிட்டான்.

வேலையை விட வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. அவனுக்கு அது தெரியாது. அந்த வகுப்புக்கே தெரியாது. இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்பில் முதல் நாள், பாடம் தொடங்குமுன் கடைசி பெஞ்சில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.