காலிதீன் கேட்ட கிற்றார்

கல்முனைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் காலிதீனுக்குச் சங்கீதம் தெரியாது. எந்த வாத்தியத்தையும் அவர் தொட்டு வாசித்ததில்லை. ஆனால் கேட்கத் தெரியும். ரேடியோவின் மூடியைக் கழற்றாமலே, அது இரையும் விதத்தை வைத்து எந்த வால்வு போய்விட்டது என்று சொல்லிவிடுவார். பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுதானால் முதலில் ஓடுகிற ஆளும் அவர்தான். அதனாலோ என்னவோ, கடையில் இருந்துகொண்டு அவர் இங்கிலீஷ் பாட்டுக் கேட்பதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பழக்கம் கொழும்பில் ஒட்டிக்கொண்டது. இருபது வயதில் மருதானையில் ஒரு ரேடியோக் கடையில் வேலைக்கு நின்றார். அறுபத்தேழாம் ஆண்டு, கொழும்பு இளைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்த சிறிய இசைத்தட்டு ஒன்று கடைக்கு வந்தது. மின்சாரக் கிற்றாரும் ட்ரம்ஸுமாக, மேல்நாட்டு ரொக் பாட்டுப் போல இருந்தது. முதற்பக்கத்துப் பாட்டு ஒரு மாதம் வானொலியில் ஓடியது. மறுபக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. ஊசி சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நாள் காலிதீன்தான் தட்டைத் திருப்பிப் போட்டார்.

பாட்டின் நடுவில் பாடகர் நிறுத்துகிறார். அந்த இடத்தில் கிற்றார் வர வேண்டும். அந்தக் காலத்துக் கிற்றார்காரர்கள் இப்படியோர் இடம் கிடைத்தால் விட மாட்டார்கள். மேலும் கீழுமாக ஓடித் தங்கள் விரல் வேகத்தைக் காட்டுவார்கள். இவன் உடனே வரவில்லை. ட்ரம்ஸ் தனியே நாலு தட்டுத் தட்டியது. ஆள் மறந்துவிட்டானோ என்று நினைக்கும்போது ஒரேயொரு சுரம் விழுந்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு. எல்லாமாகப் பதினொரு சுரம்தான். கடைசிச் சுரத்தில் கம்பியை விரலால் மேலே தள்ளுகிறான். அது ஏறி, சேர வேண்டிய இடத்துக்கு மயிரிழை கீழே நின்று, மனமில்லாததுபோல் தயங்கி, அதன் பிறகே போய்ச் சேர்ந்தது.

ஓசையும் வேறு மாதிரி. மற்றத் தட்டுகளில் கிற்றார் மணி போலத் தெளிவாகக் கேட்கும். இது தொண்டை கட்டிய மனிதன் கதைப்பது போல இருந்தது. காலிதீன் காதைக் கிட்ட வைத்து நாலைந்து தரம் கேட்டார். காரணம் விளங்கியது. வாசித்தவனுடைய ஸ்பீக்கரில் கடதாசிக் கூம்பு கிழிந்திருக்கிறது. கிழிசலின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று உரசுகிறது. பழுதான சாமான்தான். ஆனால் அவன் அந்தப் பழுதைப் படித்து வைத்திருந்தான். மெல்லத் தொட்டால் உரசாது, அழுத்தினால்தான் உரசும் என்று தெரிந்து, தனக்கு வேண்டிய சுரங்களில் மட்டும் அழுத்தினான். ஒரு சுரம் சுத்தமாகவும் அடுத்தது கரகரப்பாகவும் வந்தது அதனால்தான்.

தட்டின் உறையில் பாடகரின் பெயர் மட்டும் இருந்தது. கிற்றார்காரனின் பெயர் இல்லை. காலிதீன் தட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு அவர் ஊருக்குத் திரும்பி, கைருன்னிஸாவை நிக்காஹ் செய்து, வீட்டோடு சேர்ந்தாற்போல் கடையைத் திறந்தார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கடைக் கூரை போனது. தட்டும் உடைந்து சேற்றில் கிடந்தது. அதன் பிறகு அந்தப் பதினொரு சுரத்தையும் வேலை செய்துகொண்டே வாயால் விசிலாக ஊதுவார். ஊரில் வேறு யாரிடமும் அந்தத் தட்டு இல்லை. அதைப் பற்றிக் கதைக்கவும் ஆள் இல்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு மாசியில் ஒரு பின்னேரம், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஒருவர் சிறிய ரேடியோ ஒன்றைத் திருத்தக் கொண்டு வந்தார். தெற்கே தம்பிலுவில் என்ற ஊர் ஆள், பெயர் அழகரெத்தினம். நாற்பது வயதைத் தாண்டியவர். கிழமை நாட்களில் கல்முனையில் அறை எடுத்திருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போவார். அவர் வந்த நேரம், காலிதீன் பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் கிழிந்த கூம்பை ஒட்டுவதற்குப் பசை குழைத்துக்கொண்டிருந்தார்.

“ஒட்டப் போறீங்களா காக்கா?” என்று, முஸ்லிம்களை அண்ணன் முறையில் அழைக்கும் சொல்லால் கேட்டார்.

“ஓம் ஐயா. கிழிஞ்சி கிடக்கு. கரகரங்குது.”

“ஒட்டத்தானே வேணும்” என்றார் அழகரெத்தினம். பிறகு தனக்குத் தானே சொல்வதுபோல், “கிழிசல் கரையில இருந்தா நல்ல குரல் வரும். நடுவில இருந்தாத்தான் கூடாது” என்றார்.

காலிதீன் தூரிகையைக் கீழே வைத்தார். இருபது வருஷத் தொழிலில், கிழிந்த ஸ்பீக்கருக்கு நல்ல குரல் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை.

“ஐயா கிற்றார் வாசிச்சிரிக்கீங்களா?”

அழகரெத்தினம் மேசையில் கிடந்த திருகாணிகளைப் பார்த்தார். “முந்தி. கொழும்பில படிக்கக்குள்ள.”

காலிதீன் அந்த இசைத்தட்டின் பெயரைச் சொன்னார். “அதிட மத்தப் பக்கம்” என்றார்.

அழகரெத்தினத்தின் முகம் மாறியது. சந்தோஷமில்லை, பிடிபட்ட ஆளின் முகம். “அது உங்கட்ட இருக்கா?”

“சூறாவளியோட போயிட்டு. ஆனா எனக்கு மறக்கல்ல. பாட்டுக்காரர் நிப்பாட்டினதும் நாலு தட்டுக்கு நீங்க வரல்ல. அதுக்குப் புறகு ஒண்டு. புறகு ரெண்டு.” அவர் முழுவதையும் சொல்லிக்கொண்டு போனார், எந்தச் சுரம் சுத்தம், எந்தச் சுரம் கரகரப்பு என்பது வரைக்கும்.

“அது பிழையாப் போனது காக்கா” என்றார் அழகரெத்தினம். “நான் வாசிச்சு முடிய, பதிவு செஞ்சவர் கண்ணாடிக்கு அங்கால இருந்து சொன்னார், இரைச்சலா இருக்கு, வேகமும் இல்லை எண்டு. திரும்ப எடுக்க நேரம் இல்லாததாலதான் விட்டாங்க. அடுத்த தட்டுக்கு வேற ஆளைப் பிடிச்சாங்க. நானும் கிற்றாரக் குடுத்துப்போட்டுச் சோதினை எழுதி ஓவசியர் ஆகிட்டன்.”

“நான் ஒண்டு கேக்கன், கோவிக்கப்படா. கடைசியில கம்பிய மேல தள்ளக்குள்ள கொஞ்சம் கீழ நிண்டிச்சே. அது விரல் ஏலாமப் போனதா, வேணுமெண்டு நிப்பாட்டினதா?”

அழகரெத்தினம் திருகாணி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “வேணுமெண்டுதான்” என்றார்.

“அப்ப அது எப்பிடி ஐயா பிழையாகும்?”

அவர் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். ரேடியோவை எடுக்கக்கூட இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமை வந்தவர், ரேடியோவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பெட்டி ஒன்றின் மேல் அமர்ந்துகொண்டார். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும், பின்னேரத்து அசர் தொழுகை முடிந்து காலிதீன் கடைக்குத் திரும்பும் நேரம் அழகரெத்தினம் வாசலில் நிற்பார். இருவரும் ரேடியோவில் ஏதாவது கேட்பார்கள். அதிகம் கதைக்க மாட்டார்கள்.

ஐப்பசியில், மட்டக்களப்பு இசைக்குழு ஒன்று தங்கள் அம்ப்ளிஃபயரைத் திருத்தக் கொடுத்தபோது, சோதித்துப் பார்ப்பதற்கென்று மின்சாரக் கிற்றாரையும் விட்டுச் சென்றது. காலிதீன் வேலையைப் புதன்கிழமையே முடித்துவிட்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அவர்களுக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் அழகரெத்தினம் வந்தபோது கிற்றார் மேசையில் இருந்தது. ஒட்டாமல் எடுத்து வைத்திருந்த கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றும் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது.

“விரல் எல்லாம் விறைச்சுப் போச்சுக் காக்கா.”

“விறைச்சா விறைச்சதுதான். அவசரமில்ல.”

கையில் எடுத்துச் சுருதி கூட்டவே அவருக்கு வெகுநேரம் ஆனது. பதிவு செய்யலாமா என்று காலிதீன் கேட்டுவிட்டு, கசெட் ரெக்கோடரை அழுத்தினார். முதலில் இரண்டு தரம் தடுக்கியது. மூன்றாம் தரம் அழகரெத்தினம் காத்திருந்தார். காலால் நாலு தட்டுத் தட்டினார். பிறகு அந்த முதற் சுரம் விழுந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்பு மருதானையில் கேட்டதைவிட அது தாழ்ந்திருந்தது, வயதேறியிருந்தது. ஆனால் அதே ஆள். காலிதீன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று அவருக்குத் தோன்றியது.

தேத்தண்ணியோடு வந்த கைருன்னிஸா கதவோரம் நின்றுவிட்டாள். முடிந்ததும் கணவனைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க ஊதுற பாட்டுத்தானே இது? நீங்க அந்த இடைவெளியெல்லாத்தையும் நிரப்பிப்போட்டு ஊதுறீங்க.”

அழகரெத்தினம் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் காலிதீன் அன்றுதான் கண்டார்.

“வீட்டிலயும் கிற்றார் ஒண்டு வாங்கி வையுங்களன் ஐயா” என்று பிறகு ஒரு நாள் காலிதீன் சொன்னதற்கு, “சின்னத்தங்கத்துக்கு நான் வாசிச்ச ஆளெண்டே தெரியாது. தோத்த கதையை ஆருக்குச் சொல்றது?” என்று மட்டும் சொன்னார். சின்னத்தங்கம் அவருடைய மனைவி.

எண்பத்தைந்து சித்திரையில் வருஷப் பிறப்புக்கென்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த நாட்களில்தான் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன. நேற்றுவரை ஒரே வயலில் கதிர் அறுத்தவர்கள் தெரு மாறி நடந்தார்கள். கல்முனையிலிருந்து தெற்கே போகும் பாதையில் ஓர் ஊர் திறந்தால் அடுத்த ஊர் அடைத்தது. காலிதீன் மூன்று மாதம் கடையைத் திறக்கவில்லை.

ஆடியில் திறந்தபோது, திணைக்களத்தில் பியோனாக இருந்த தம்பிமுத்து வந்து செய்தி சொன்னார். வைகாசியில் ஒரு காலை அழகரெத்தினத்துக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. பாதை அடைத்திருந்ததால் எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக முடியவில்லை. மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

காலிதீன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். வண்டியில் போனால் இரண்டு மணித்தியாலப் பாதை. ஒரு சாவு வீட்டுக்கு, ஒரு மையித்துக்குப் போய் நிற்க முடியாத தூரமாக அது எப்படி ஆனது என்று அவருக்கு விளங்கவில்லை.

தையில் பஸ் ஓடத் தொடங்கியதும் அவர் கசெட்டைப் பிரதி எடுத்து, மூலத்தையும் ரெக்கோடரையும் ஒரு பையில் வைத்தார்.

“தனியப் போகப்படா” என்றாள் கைருன்னிஸா. “பொம்புள ஆள் கூட வந்தா ஒருத்தரும் பிழையா நினைக்கமாட்டாங்க. நானும் வாறன்.”

தம்பிலுவில் சந்தியில் இறங்கியதும் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காலிதீன் ஓவசியரின் பெயரைச் சொன்னார். ஒருவர் எழுந்து, வீட்டு வாசல்வரை கூட்டிப்போனார்.

சின்னத்தங்கம் பாய் விரித்து இருவரையும் இருக்கச் சொன்னாள். தாங்கள் யார், ஏன் வந்தோம் என்று காலிதீன் சொல்லி, கசெட்டைப் போட்டார். அவள் கிற்றார் ஓசையைக் கேட்டாள், முடியும்வரை அசையவில்லை.

“இது என்ட மனிசனா?”

“ஓம் தங்கச்சி.”

“ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“பிழையா வாசிச்சதெண்டு அவருக்கு ஆரோ சொல்லிட்டாங்க. அவரும் அத நம்பிட்டார்.”

அவள் மறுபடியும் போடச் சொன்னாள். இரண்டாம் தரம் கேட்கும்போது கண்ணீர் வந்தது. “கதைக்கக்குள்ளயும் இப்பிடித்தான்” என்றாள். “ஒண்டு கேட்டா உடன மறுமொழி வராது. நான் அலுத்துப் போய் அடுப்படிக்குப் போன புறகு, பின்னால வந்து நிண்டு சொல்லுவார். பதினாலு வருஷமும் அதுக்காக நான் கோவிச்சிருக்கன்.” கைருன்னிஸா நகர்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கசெட்டையும் ரெக்கோடரையும் காலிதீன் அவளிடமே விட்டார். புறப்படும்போது, வைகாசியில் ஆண்டுத் திவசம், வர வேண்டும் என்று சின்னத்தங்கம் சொன்னாள். அவர்கள் போனார்கள். உறவினர் நிறைந்த முற்றத்தில் அழகரெத்தினத்தின் கலியாண நாள் படம் ஒன்றுக்கு மாலை போட்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன் சின்னத்தங்கம் ரெக்கோடரைக் கொண்டுவந்து வைத்தாள். சிலர் கேட்டார்கள், சிலர் வயல் விதைப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் தம்பிமுத்து கேட்டார்: “இவ்வளவுதானா? வேகமா ஒண்டும் வாசிக்கல்லையா?”

காலிதீன் மறுமொழி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சின்னத்தங்கம் முந்திக்கொண்டாள்.

“வேகமா வாசிக்க வேணாமெண்டுதான் அவர் வாசிக்கல்ல” என்றாள். பிறகு இலை போடுவதற்காக உள்ளே போனாள்.