விருந்தாளி முன்னால் விழாத சர்வர்

சேலத்திலிருந்து ஏற்காட்டு பஸ்ஸில் ஏறினால் பாதி மலையிலேயே எனக்கு வயிற்றைப் பிரட்டும். தொண்ணூறுகளின் நடுவில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் இருந்தபோது, அந்த மலைக்குப் போகச் சொன்னாலே எரிச்சல் வரும். அங்கே நான் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சர்வர் கம்ப்யூட்டர். நான் போய் எதிரே உட்கார்ந்தால் உத்தமமாக ஓடும். நான் சேலம் வந்து சேர்ந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஓடாமல் நின்று விழுந்துவிட்டது என்று போன் வரும்.

எஸ்டேட்காரர்களின் காப்பிக் கொட்டையைச் சேர்த்து, உலர்த்தி, தரம் பிரிக்கும் இடம் அது. எந்த எஸ்டேட்டிலிருந்து எத்தனை மூட்டை வந்தது, எந்தத் தரம் என்பதெல்லாம் அந்தச் சர்வரில்தான் ஏறும். ஏற்றுபவள் பக்கத்துக் கிராமமான வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். என்னைவிடச் சில வயது இளையவள். முன்பு அதே வளாகத்தில், கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கெட்டுப்போன கறுப்புக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள். மிஷன் பள்ளியில் டைப் அடிக்கக் கற்றிருந்ததால் ஆபீசுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்வர் விழ ஆரம்பித்ததும் அந்த நாற்காலியும் ஆட ஆரம்பித்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். நான் மூன்றாவது முறை போயிருந்தபோது அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க மேடம், இன்னொருக்கா இது விழுந்துச்சுன்னா மெசினைக் கீழ அனுப்பிச்சுருவமுங்க. பழையபடி கையில எழுதிக்கறோம். இந்தப் புள்ளையும் பழையபடி கொட்டகைக்கே போவட்டும். எதையோ அமுக்கி உட்ருதுங்க."

அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் எதை அமுக்கினாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் இப்படி விழாது, அப்படி விழுந்தால் அதை எழுதியவனைத்தான் கேட்க வேண்டும் என்று படபடவென்று சொன்னேன். இந்தப் பெண்ணின் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் அடித்துச் சொன்னேன். அப்படியானால் எதற்குத்தான் சம்பந்தம் என்று அவர் கேட்டார். நான் மறுபடி சர்வரின் மூடியைக் கழற்றத் தொடங்கினேன்.

ஆபரேட்டிங் சிஸ்டம் விழுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. நினைவகத்தில் தான் வைத்தது ஒன்று, எடுக்கும்போது வருவது வேறொன்று என்று தெரிந்தால், இனி தன்னையே நம்ப முடியாது என்று அது முடிவு செய்துவிடும். தப்புத்தப்பாகத் தொடர்வதைவிட நின்றுவிடுவது மேல் என்று, திரையில் சில வரிகளை எழுதிவிட்டு நிற்கும். மனிதர்களில் இப்படிப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கடைசி வரிகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. புரோகிராமில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழும். இதுவோ ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழுந்தது. ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிப் பார்த்தேன். மெமரி சிப்புகளை மாற்றினேன். ஸ்டெபிலைசரையும் மாற்றினேன். நான் இருக்கும்வரை எல்லாமே சரியாக இருந்தது.

சர்வரை ஒரு பழைய மரப் பீரோவுக்குள் வைத்திருந்தார்கள். ஓட்டுக் கூரை ஒழுகும் என்பதால் அந்த ஏற்பாடு. நான் போகும்போதெல்லாம் பீரோவின் கதவுகள் அகலத் திறந்திருக்கும். உள்ளே தூசு துடைத்திருக்கும். மேலே ஒரு கண்ணாடி டம்ளரில் ஏதாவது பூ இருக்கும். "வாங்க மேடம்" என்று எழுந்து நிற்பாள். டீ வரும். பீரோ எப்போதும் அப்படித் திறந்துதான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். மேல் தட்டில் தொங்கிய குண்டு பல்பையும் பார்த்திருக்கிறேன், ஒயரை மாட்டுவதற்கு வெளிச்சம் போலும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது முறை போனது ஒரு கார்த்திகை மாதத்தில். சர்வர் இன்னும் விழவில்லை, விழுவதற்குள் பார்த்துவிடலாம் என்று நானாகவே சொல்லாமல் போனேன். மத்தியானம் அவள் தூக்குப்போசியைத் திறந்து, "நொம்ப இருக்குதுங்க, ஒண்டியாத் திங்க முடியாது" என்று பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டு எழுந்தபோது நான் மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பீரோவுக்குள் கையை விட்டு அந்தப் பல்பைப் போட்டாள். கதவுகளை இழுத்து மூடி, இடுக்கில் ஒரு துணியையும் செருகினாள். எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"என்ன பண்றே?"

"மேகம் எறங்கிருச்சுங்க்கா. பூசணம் புடிச்சுக்குமில்லீங்க."

"நான் வந்தப்பெல்லாம் நீ இப்படிச் செஞ்சதே இல்லையே?"

"அப்ப நீங்க பாக்க வந்தவங்க. வந்தவங்க மொகத்துக்கு முன்னால கதவைச் சாத்தறதுங்களா?"

அந்த மலையில் எல்லா வீட்டுப் பீரோவிலும் ஒரு பல்பு எரியும். கம்பளியும் கோயிலுக்குப் போட்டுப் போகும் நல்ல துணியும் பூசணம் பிடிக்காமல் இருக்க அதுதான் வழி. நல்ல துணிக்குச் செய்வதை அவள் சர்வருக்கும் செய்திருக்கிறாள். நானோ ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு யோசித்தவள். சூடேறினால் மெஷின் தடுமாறும் என்று தெரிந்தும், வெப்பம் என்ற சொல்லே அந்த ஊரில் எனக்குத் தோன்றவில்லை.

கதவைத் திற என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தீர்மானமாகத் தெரிய வேண்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். மேகம் கலையவில்லை. சாயங்கால டீ வருவதற்கு முன்பே திரை அசையாமல் நின்று, அந்தக் கடைசி வரிகள் வந்தன. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தேன். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. சர்வரின் இரும்பு மேல் கையை வைக்க முடியவில்லை.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கத்தப் போனேன். அதற்குள் அவளைப் பார்த்தேன். அவள் கைக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் யாரிடம் அடித்துச் சொன்னேனோ, அந்த மேனேஜர் பீரோக் கதவின் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே இருக்கும் ஃபேன் பழுது என்று ஒரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல அவள் விடவில்லை.

"நாந்தானுங்க சார். பல்பைப் போட்டு மூடி வெச்சது நாந்தானுங்க. அதுக்குக் குளுருமேன்னு நெனச்சுட்டனுங்க."

சொல்லிவிட்டுத் தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் பீரோவுக்குள் எட்டிப் பார்த்தார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பல்பைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

"எங்கூட்டு பீரோவுலயும் எரிஞ்சுட்டுத்தானுங்க இருக்குது. இவ போடாம உட்டிருந்தா ஏம்புள்ள போடலைன்னு நானே வெய்திருப்பனுங்க."

பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "போசியை வெச்சுட்டு உக்காரு கண்ணு. மத்தியானத்துக்கு மேல ஏத்துனது போயிருக்கும். மறுக்கா ஏத்து."

அவள் உட்கார்ந்தாள். கதவுகளை அகலத் திறந்து வைத்து, சூடு ஆறியபின் சர்வரைக் கிளப்பினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மேனேஜர் போன பிறகும் அவள் ஒரு மூட்டையை ஏற்றுவதும் பீரோவைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். ஜன்னலின் இடுக்கு வழியாக மேகம் வந்துகொண்டே இருந்தது.

"குளுருமேங்க்கா" என்றாள்.

"அதுக்கெல்லாம் குளிராது. பழகிடும்" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொட்டகையில தரையில உக்காந்திருந்தப்ப எங்களையும் இப்படித்தானுங்க்கா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையை ஏற்றத் தொடங்கினாள்.