கார்டுக்கு இரண்டு சதவீதம்

திண்டிவனத்தில் எனக்கு ஒரு புடவைக் கடை இருக்கிறது. கார்டில் பணம் கட்டுகிறவர்களிடம் இரண்டு சதவீதம் கூடுதலாக வாங்குவேன். யாராவது முணுமுணுத்தால், “பேங்க்ல எங்ககிட்ட புடிக்கிறாங்க, நான் என்னங்க பண்றது?” என்பேன்.

போன மாதம் வாஷிங் மெஷின் வாங்க விழுப்புரம் போனேன். கார்டை நீட்டியதும் கடைக்காரர், “ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆவுங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம்.

“பேங்க்ல புடிச்சா அது உங்க பாடு. அத வாங்க வர்றவங்க தலையில கட்டுவீங்களா? அநியாயங்க இது.”

கடையே திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். என் கடையில் வழக்கமாகப் புடவை எடுக்கும் நர்ஸ் செல்வி.

“விடாதீங்கக்கா, நல்லா கேளுங்க. இப்படிக் கேக்கத் தெரியாமத்தான் உங்க கடையில நான் குடுத்துக்கினு இருக்கேன்” என்றாள்.

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. “அக்காவும் கடைதான் வெச்சிருக்கீங்களா?” என்று சிரித்தார். அந்த மெஷினுக்குள்ளேயே இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கேட்டதைக் கட்டினேன்.

இப்போதெல்லாம் நான் யாரிடமும் கூடுதலாகக் கேட்பதில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்க வாயைத் திறந்தாலே, விழுப்புரத்தில் கத்திய என் குரல் முந்திக்கொண்டு காதில் விழுகிறது.