இடது கையில் நீல டேப்

அந்த அக்டோபரில் நான் வாசலைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, கொண்டைக்கடலைச் சுண்டலை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ராயபுரத்தில் எங்கள் சந்தில் ஜெபமாலை மாதம் முழுக்க மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்தான் முந்தைய வீட்டு வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் வாங்கி வரவேண்டும். அன்று என் முறை. அடுத்த வீட்டு அக்கா, எங்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி, சொரூபத்தைத் தானே வாங்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள்.

"உன் கைதான் இப்டி வீங்கிக் கீதே. மாதாவைக் கீழ போட்டுட்டா சந்துக்கே ஆவாது. உனுக்கு இன்னாத்துக்குமே இந்தப் பேஜாரு?" என்றாள், அத்தனை பேர் முன்னால்.

புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளும் போய்விட்டன. வடிய வழியில்லாமல் கையில் நீர் தங்கி, ஜாக்கெட் கை ஏறாமல் தையலைப் பிரித்துவிட்டிருந்தேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. சுண்டலை ஒருத்தருக்கும் கொடுக்காமல் மூன்று வேளையும் நானே தின்றேன். வருகிற வருஷம் இதே கையால் மாதாவைத் தூக்கி இவள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று வயிறெரிய முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரியில் கைக்கு இறுக்கமான உறை ஒன்று கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் உள்ளே வேர்க்குரு வெடித்து, அதைக் கழற்றி எறிந்திருந்தேன். பிசியோதெரபி பெண்ணிடம் போய் வேறு வழி கேட்டேன். உறை அளவுக்கு வேலை செய்யாது, சும்மா இருப்பதற்கு இது மேல் என்று சொல்லி, இழுபடும் துணி டேப்பை எடுத்தாள். தோள் பக்கம் வெட்டிப் பிரிக்காத அடிப்பகுதி. அதிலிருந்து நாலு கீற்றுகள் முழங்கை தாண்டிப் படரும்.

"இழுத்து ஒட்டாதீங்கம்மா, தோலு பிஞ்சிடும். லேசா படர விடணும். உடம்பு கலர்லயே இருக்கு, அதைப் போட்டா வெளிய தெரியாது."

"நீலம் குடும்மா" என்றேன். தெரியவேண்டும் என்றுதானே நான் வந்ததே.

வீட்டில் முதல் முறை நானே ஒட்டியபோது அக்காவை நினைத்துக்கொண்டே ஒட்டிவிட்டேன். கை டேப்பை இழுத்துவிட்டது. மறுநாளே கொப்புளம். அதிலிருந்து டேப் ஒட்டும் நேரத்தில் மட்டும் அவளை நினைப்பதில்லை. மற்ற நேரமெல்லாம் நினைத்தேன். பிசியோதெரபி பெண்ணைக் கேட்டுக்கேட்டுத் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி இரண்டு கிலோ அரிசிப் பை வரைக்கும் வந்தேன். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மனசுக்குள் அக்காவின் பெயர்தான் ஓடியது. வீக்கம் முழுசாக வற்றவில்லை. ஆனால் பாரம் குறைந்தது, விரல்கள் மடங்கின.

மறு அக்டோபரில் குட்டைக் கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு முந்தைய வீட்டு வாசலில் முதல் ஆளாக நின்று, யாரும் வாய் திறப்பதற்குள் கையை நீட்டினேன்.

"இன்னாமே, பச்சை குத்திக்கினியா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, மாதாவுக்கு வேண்டுதல்" என்றேன்.

மாதா என் வீட்டுக்கு வந்தாள். எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தேன். அக்காவுக்கு மட்டும் அடிப்பிடித்த பக்கத்திலிருந்து வழித்துக் கொடுத்தேன்.

நான் காத்திருந்தது மறுநாள் சாயங்காலத்துக்கு. என் வாசலில், என் கையிலிருந்து அவள் வாங்கியாக வேண்டும். வாங்குகிறவள், கொடுக்கிறவளின் கைக்கு அடியில் தன் கையை நுழைத்துப் பிடித்த பிறகுதான் கொடுக்கிறவள் விடவேண்டும். அக்கா வலது கையை நுழைத்தாள். அவள் விரல் டேப்பில் பட்டது. சூடு பட்டவள் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சொரூபம் சாய்ந்தது. "ஐயோ, மாதாவே!" என்று சந்தே அலறியது.

என் இடது கை விடவில்லை. மார்பு இல்லாத பக்கத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

"இப்ப யாருக்கா மாதாவைக் கீழ போடப் பாத்தது?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். இனித்தது. பொய் சொல்லமாட்டேன், அப்படி இனித்தது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "பயந்துட்டேன்மே. அந்த நோவு ஒட்டிக்கும்னு சொன்னாங்கோ" என்று முணுமுணுத்தாள்.

"ஒட்டாதுக்கா. புடி" என்றேன். அவள் விரல்கள் நீல டேப்பின் மேல் நன்றாகப் படியும் வரைக்கும் நான் சொரூபத்தை விடவில்லை.

அவள் வீட்டு ஜெபமாலைக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கை விண்விண் என்று தெறித்தது. பிசியோதெரபி பெண் திட்டப்போகிறாள் என்று தெரியும், பிறகு திட்டவும் செய்தாள். அக்கா அழுதுகொண்டே ஜெபத்தை நடத்தினாள், நடுவில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பரலோக மந்திரத்தில் அடுத்தவர் செய்த தீங்கை மன்னிப்பதாகச் சொல்லும் வரி ஒன்று உண்டு. ஜெபமாலையில் அது திரும்பத் திரும்ப வரும். வந்த ஒவ்வொரு முறையும், அவள் பார்க்கும்படி, நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாதாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.