பர்மியில் கதை சொன்னவர்

பர்மாவில், நாங்கள் இருந்த பபேடான் பகுதியில், ஒரு மாடி அறையில் பழைய படங்கள் போடுவார்கள். அன்று மதியம் சுவீடன் நாட்டு நகைச்சுவைப் படம், பேசும் படம் வந்த புதிதில் எடுத்தது. படைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று இருபது வயது மகனை மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தேன். ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்று நான்தான் கூட்டிப் போனேன். வாசலில் அவனைத் தமிழில் அதட்டியது, சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அவர்தான் திரைக்குப் பக்கத்தில் நின்று பர்மியில் கதை சொன்னார். ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, வெற்றிலைக் காவி ஏறிய பல். சுவீடிஷ் ஒரு சொல்லும் தெரியாதாம். நடிகர்களின் முகத்தைப் பார்த்தே வசனம் கட்டுவார். சிரிப்பு வருமுன் தானே சிரித்துவிடுவார்.

படத்தில் மாமியாருக்குப் பயந்து மருமகன் அலமாரிக்குள் ஒளிந்தபோது, சீருடைக்காரர்கள் நுழைந்தார்கள். டார்ச் அடித்து, கடைசி வரிசையிலிருந்து அடையாள அட்டை பார்த்தார்கள். நான் மகன் கையைப் பற்றினேன்.

அவர் நிறுத்தவில்லை. மாமியாரின் கீச்சுக் குரலிலேயே தமிழுக்கு மாறினார்.

"நீலச் சட்டைத் தம்பி! திரைக்குப் பின்னால கதவு இருக்கு. குனிஞ்சு போயிரு!"

தமிழில் கேட்டால் பர்மியில் பதில் சொல்லும் என் மகன், அந்த நீலச் சட்டையோடு இருட்டில் நழுவினான். முன்வரிசையில் இருந்த ஒரு பர்மியப் பையனைப் பிடித்துப் போனார்கள்.

மறுவாரம் நன்றி சொல்லப் போய்க் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க வந்துட்டீங்கம்மா. பிடிச்சுட்டுப் போன அந்தப் பையனோட அம்மா வந்தா, நான் எந்த பாஷையில பேசுவேன்?"

கும்பிட்ட கையை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.