நிலம் உறையுமுன் வெட்டிய குழி

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தோட்டத்தின் கடைசியில், வேலியோரமாக, எங்கள் நாய்க்குக் குழி வெட்டினார். நாய் சமையலறை வாசலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பனி நாட்டில், ஒஷாவா நகருக்கு வடக்கே, காணியும் வீடுமாக இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மார்கழியில் நிலம் இறுகிவிட்டால் மண்வெட்டி இறங்காது. பனி போகும்வரை எதையும் புதைக்க முடியாது. அந்த வாரம்தான் மிருக வைத்தியர் சொல்லியிருந்தார்: சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன, வசந்தத்தைக் காண்பது சந்தேகம், விரும்பினால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று. நான் விரும்பவில்லை. சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான், அவனுக்கு எதற்கு ஊசி என்று கேட்டுவிட்டு அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணவர் மண்வெட்டியோடு இறங்கினார்.

"உங்களுக்கென்ன விசரே? உயிரோட இருக்கிறவனுக்குக் குழி வெட்டுறியள்!"

"கோவிக்காதையும். தையில ஒண்டு நடந்தால் எங்க கொண்டுபோய் வைக்கிறது? எங்கட காணிக்குள்ளதான் இருக்கவேணும் எண்டு நீர்தானே சொன்னனீர்."

சொன்னது நான்தான். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. அவரோ வெட்டிய மண்ணும் உறைந்துவிடக் கூடாதென்று அதை வாளிகளிலும் பழைய உரப் பைகளிலும் அள்ளி, கராஜுக்குள், குளிருக்காக உள்ளே எடுத்து வைத்த வாழைத் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கினார். குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டார். இரண்டு நாளில் பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஆனால் கராஜில் இருந்த மண்ணை எந்தப் பனி மூடும்? காரை எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு வாளிக்காவது உதை கொடுக்காமல் போனதில்லை.

தைப்பொங்கலுக்கு, நகரத்துக்குள் வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் என் அக்கா வந்தார். நாயை வீட்டுக்குள் விடுவதே அவருக்குப் பிடிக்காது. அவன் எழும்பினால் சேலையைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார். மண் வாளிகளைக் கண்டு என்னவென்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத என் கணவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"வீட்டு வளவுக்குள்ள குழியை வெட்டி வைச்சிருக்கிறியள். அது ஆரைக் கொண்டுபோகப் பாத்துக்கொண்டிருக்குதோ! உந்த நாய்க்கு ஊசியைப் போட்டு அலுவலை முடியுங்கோ."

"போடுறதெண்டால் முதல் எனக்குப் போடுங்கோ" என்றேன்.

அதன்பிறகு அக்கா பொங்கல் சாப்பிட மட்டும்தான் வாய் திறந்தார்.

பனி கொட்டிய அந்த மாரி முழுவதும் அவன் பின்படியைத் தாண்டவில்லை. படியடியில் குந்தியிருந்து மூத்திரம் பெய்துவிட்டு உள்ளே வந்துவிடுவான். காலைத் தூக்கப் பலமில்லை. சோற்றுக் கஞ்சியில் கரட்டை மசித்து, கையில் வைத்து ஊட்டினேன். சில நாட்களில் அதையும் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வான். அப்போதெல்லாம் நிலத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து திட்டுவேன்.

"இந்தப் பனி போகட்டும், அதுவரைக்கும் பொறு. அந்தக் குழிக்குள்ள உன்னை விடமாட்டன், விளங்குதோ?"

அவன் ஒரு காதை மட்டும் அசைப்பான். பயம் எனக்குத்தான் இருந்தது. அதைக் காட்டினால் எல்லோரும் ஊசியோடு வந்துவிடுவார்கள் என்று காட்டவில்லை.

இங்கே வசந்தம் பூவைக் காட்டுவதற்கு முன்னர் ஓசையைத்தான் காட்டும். பங்குனி நடுவில் ஒரு மத்தியானம் கூரை விளிம்பின் தகரப் பீலியில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. எனக்குக் கேட்கவில்லை, அவனுடைய காது நிமிர்ந்ததைக் கண்டுதான் நானும் காது கொடுத்தேன். பிறகு மேப்பிள் மரத்தடியைச் சுற்றி மட்டும் பனி கரைந்து மண் தெரிந்தது. கதவைத் திறந்தால் ஊறிய இலையின் நாற்றமும் எங்கோ உலாவிய ஸ்கங்க் என்ற நாற்றப் பிராணியின் வீச்சமும் வந்தன. அவன் அதைக் கோயில் பிரசாதம்போலக் கண்மூடி அனுபவித்தான். தோளில் சிவப்பு வைத்த கறுப்புக் குருவியொன்று வேலியில் வந்திருந்து கத்திய நாளில், மாரி முழுவதும் வாய் திறக்காதவன் குரைத்தான். ஒரே ஒரு தரம். நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியைப் போட்டுவிட்டு அழுதேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, கதவைத் திறந்ததும் படியிறங்கி நடக்கத் தொடங்கிவிட்டான். கணவரின் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு பின்னால் ஓடினேன். சேறு சப்பாத்தை இழுத்தது. இலையுதிர் காலத்தில் ஊன்றிய உள்ளிப் பூண்டுப் பற்கள் வைக்கோலைத் துளைத்துப் பச்சை நுனி காட்டியிருந்தன. அதை முகர்ந்துவிட்டு நேரே வேலியடிக்குப் போனான்.

பனி கரைந்த தண்ணீர் குழியை விளிம்புவரை நிரப்பியிருந்தது. பலகை மிதந்து ஒரு பக்கமாய் ஒதுங்கிக் கிடந்தது. அவன் விளிம்பில் நின்றான்.

"பிடியும், பிடியும்! விழப்போறான்!" என்று வாசலில் நின்று கணவர் கத்தினார்.

"சும்மா நில்லுங்கோ. குடிக்கட்டும்."

குடித்தான். தனக்கென்று வெட்டிய குழியின் தண்ணீரைச் சளக்குச் சளக்கென்று நெடுநேரம் குடித்தான். பிறகு திரும்பிப் பலகையை ஒரு சுற்று முகர்ந்து, நடுங்க நடுங்கப் பின்னங்காலைத் தூக்கி அதன்மேல் பெய்தான். வைத்தியருக்கும், அக்காவுக்கும், வாசலில் நின்ற மனிதருக்கும் சேர்த்துத்தான் பெய்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சில நாட்களில் தண்ணீர் வடிந்ததும் கராஜிலிருந்த மண்ணை ஒவ்வொரு வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"ஏன் மினக்கெடுறீர்? வாற மாரிக்கும் தேவைப்படுமெல்லே" என்றார் கணவர்.

"அப்ப வாற கார்த்திகையில திருப்பி வெட்டுங்கோ. நான் திருப்பி மூடுவன்."

"எத்தினை வருசத்துக்கு?"

"உங்களுக்கு நாரி பிடிச்சுக் குனிய ஏலாமல் போகுமட்டும்."

அவர் சிரிக்கவில்லை. உரப் பையொன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வருசப்பிறப்பன்று தோட்டத்தில் நின்றபோது அக்கா தொலைபேசியில் அழைத்தார். வாழ்த்தெல்லாம் முடிந்ததும், அந்தக் குழி இன்னும் கிடக்கிறதோ என்று கேட்டார்.

"இல்லை அக்கா, மூடியாச்சு."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எப்பவடி? எனக்கொரு சொல்லுச் சொல்லவே இல்லையே. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. பாவம், வாயில்லாச் சீவன்."

கொஞ்சநேரம் அழட்டும் என்று விட்டேன். ஊசி போடச் சொன்னவர்தானே.

"குழிக்குள்ள ஒருத்தரும் இல்லை அக்கா. அவன் அதுக்கு மேல கிடந்து வெயில் காயிறான்."

"சனியன்!" என்றார் அக்கா. என்னையா, நாயையா என்று நான் கேட்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் தொலைபேசிக்கு வந்தார்.

"அவன் சாப்பிட்டவனோ?"